அம்னோவைக் கட்டியவரும் விட்டு வந்தவரும்: டத்தோ ஓன் ஜாபார்

பொன்விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழு கேட்டபோது, நாம் மர்ஹூம் டத்தோ ஓன் ஜாபாரின் பெயரைச் சொன்னோம். குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஜொகூர்க்காரர், மலாய்த் தலைவர், கெப்பாலா பத்தாஸோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தமிழ் முஸ்லிம் சங்கத்து மலரில் இவர் எதற்கு? நியாயமான கேள்விதான்.

பதில் நம் வீடுகளிலேயே இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பாரத்தில் 'பங்சா' என்று ஒரு கட்டம் வரும். அதில் மலாய் என்று எழுதுவதா, இந்தியர் என்று எழுதுவதா என்று நம் வீட்டுக் கூடங்களில் நடந்த வாக்குவாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அத்தா ஒன்று சொல்வார், பாட்டனார் வேறொன்று சொல்வார். தேர்தல் வந்தால் அதே கேள்வி வேறு உருவில் வரும்: நாம் எந்தக் கட்சியின் ஆள்? ஒரு கட்சியின் வாசலில் யார் நுழையலாம் என்ற கேள்வியை, அந்தக் கட்சியின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுப்பிய முதல் மனிதர் டத்தோ ஓன். கேட்டதற்காக நாற்காலியையும் இழந்தார், கட்சியையும் இழந்தார்.

ஓன் 1895 பிப்ரவரி 12ஆம் நாள் ஜொகூர் பாருவில் பிறந்தார். தந்தை ஜாபார் ஹாஜி முகமது ஜொகூரின் முதல் மந்திரி பெசார். தாயார் ரொக்காயா ஹானிம் துருக்கிய உதுமானியப் பேரரசிலிருந்து வந்த சர்க்காசியப் பெண்மணி. மலாய் இனத்தின் காவலர் என்று பின்னாளில் கொண்டாடப்பட்டவரின் தாய்வழி மலாய் அல்ல. அவருக்குப் பின் அம்னோவுக்குத் தலைமையேற்ற துங்கு அப்துல் ரஹ்மானின் தாயார் சயாம் நாட்டவர். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. கலப்பு என்றாலே நம்மவர்களை மட்டும் சுட்டிக்காட்டும் பழக்கம் இருப்பதால் சொல்லிவைக்கிறோம்.

சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு சஃபோக் பகுதிப் பள்ளி ஒன்றில் படித்தார். திரும்பி வந்து கோலா கங்சார் மலாய்க் கல்லூரியில் சிறிது காலம் படித்துவிட்டு, ஜொகூர் அரசாங்க வேலையில் சேர்ந்தார். அரண்மனையோடு நெருங்கிய குடும்பம்தான்; ஆனாலும் வாய் அடங்கவில்லை. சுல்தான் இப்ராஹிமைக் குறைகூறி எழுதியதால் 1927இல் ஜொகூரை விட்டு வெளியேற நேர்ந்தது. சிங்கப்பூரில் பத்திரிகையாளரானார். 1930இல் 'வார்த்தா மலாயா' நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். பிறகு 'லெம்பாகா மலாயா'வை நடத்தினார்.

அந்தக் காலத்துச் சிங்கப்பூர், பினாங்கு மலாய்ச் சங்கங்களில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அரபு வழிவந்தவர், தமிழக வழிவந்தவர் எல்லாம் மலாய்க்காரரா என்பதே அது. நம்மவர்களுக்கு வைத்திருந்த சுருக்கெழுத்துப் பட்டம் டி.கே.கே.; அதன் கடைசி எழுத்து எந்தச் சொல்லைக் குறித்தது என்பதை நாம் இங்கே அச்சில் ஏற்ற விரும்பவில்லை. இத்தனைக்கும் 1876இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய் செய்தித்தாளைத் தொடங்கியவர்களே ஜாவி பெரானாக்கான்கள்தான். ஓன் ஆசிரியராக இருந்த வார்த்தா மலாயாவின் முதலாளிகள் அல்சகாஃப் என்ற அரபுக் குடும்பத்தார். யார் உள்ளே, யார் வெளியே என்ற வழக்கு அவர் மேசையைத் தாண்டாமல் போயிருக்க முடியாது.

1936இல் சுல்தானோடு சமாதானமாகி ஜொகூர் திரும்பினார். ஜப்பானியர் காலத்தில் உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தார். போர் முடிந்த 1945இல் பத்து பஹாட் மாவட்ட அதிகாரியானார். அவருடைய வாழ்க்கையில் நாம் பெரிதும் மதிக்கும் பகுதி இதுதான்.

ஜப்பானியர் சரணடைந்ததும் காட்டிலிருந்து வெளிவந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பழிதீர்க்கத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், தண்டிக்கப்பட்டவர்களில் பலர் மலாய்க்காரர்கள். பதிலுக்கு பத்து பஹாட் வட்டாரத்தில் கியாய் சாலே என்ற தரீக்கா ஆசான் தலைமையில் நீண்ட பாராங் கத்தி ஏந்திய படை திரண்டது. கிராமம் கிராமமாக இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. சீனர் குடியிருப்பின் மீது பெருந்தாக்குதல் நடத்த அந்தப் படை ஆயத்தமானபோது, ஓன் நேரில் போய் கியாய் சாலேயைச் சந்தித்துப் பேசித் தடுத்தார். துப்பாக்கிப் படையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த வட்டாரத்தில் சீனர்களும் மலாய்க்காரர்களும் மறுபடி ஒரே சந்தையில் சாமான் வாங்கினார்கள் என்றால் அதில் அவருக்குப் பங்குண்டு. பின்னாளில் அவர் செய்ததையெல்லாம் இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். இனப்பகை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அவர் கண்ணால் பார்த்தவர்.

1946 ஜனவரியில் பிரிட்டிஷார் மலாயன் யூனியன் திட்டத்தை வெளியிட்டார்கள். சுல்தான்களின் அதிகாரம் பறிபோகும், வந்து குடியேறியவர்களுக்குக் குடியுரிமை எளிதில் கிடைக்கும் என்பது அதன் சாரம். மலாய்க் கம்போங்குகள் கொதித்தன. அந்தக் கொதிப்புக்கு உருவம் கொடுத்தவர் ஓன். மார்ச் 1 முதல் 4 வரை கோலாலம்பூர் சுல்தான் சுலைமான் கிளப்பில் 41 சங்கங்கள் கூடின. ஏப்ரல் 1ஆம் நாள் கவர்னர் பதவியேற்பைச் சுல்தான்களே புறக்கணித்தார்கள். அதற்கு அவர்களை இணங்க வைத்தவரும் ஓன்தான். மலாய் ஆண்கள் சொங்கோக்கில் வெள்ளைத் துணி சுற்றி ஏழு நாள் துக்கம் காத்தார்கள். மே 11ஆம் நாள் ஜொகூர் பாரு அரண்மனையில் அம்னோ பிறந்தது, ஓன் அதன் தலைவரானார். 1948 பிப்ரவரி 1ஆம் நாள் மலாயன் யூனியன் போய் மலாயாக் கூட்டரசு வந்தது. குடியுரிமை விதிகளும் இறுகின. இடையில் ஜொகூரின் மந்திரி பெசாராகவும் ஆனார்.

இதோடு நிறுத்தியிருந்தால் சாகும்வரை அம்னோவின் தலைவராகவே இருந்திருப்பார். அவர் நிறுத்தவில்லை. 1949இல் மலாய், சீன, இந்தியத் தலைவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச சமூகத் தொடர்புக் குழு அமைந்தபோது அதில் ஓன் முக்கியமானவர். தான் செங் லோக் அதில் இருந்தார். குழுவின் தலைவர் இ. இ. சி. துரைசிங்கம் என்ற இலங்கைத் தமிழர். மலாய்க்காரர்களின் பொருளாதாரம் உயர வேண்டும், மற்றவர்களின் குடியுரிமை தளர வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துப் பேசினார்கள். அம்னோவுக்குள் எதிர்ப்பு கிளம்பியது. 1950 ஜூனில் ஓன் பதவி விலகினார். கட்சி அவர் இல்லாமல் தடுமாறி ஆகஸ்டில் மறுபடி அழைத்துக்கொண்டது. குடியுரிமைத் தளர்வையும் வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்டது.

வென்றுவிட்டோம் என்று அவர் நினைத்தார். அடுத்த படியாக, அம்னோவின் கதவை எல்லா இனத்தாருக்கும் திறக்க வேண்டும், பெயரில் உள்ள 'மலாய்க்காரர்' என்ற சொல்லை 'மலாயா நாட்டவர்' என்ற பொருள் தரும் சொல்லாக மாற்ற வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடச் சுருக்கப்பெயரில் மாறாது. அம்னோ அம்னோவாகவே இருக்கும். ஆனால் கிளைக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்த கம்போங் பள்ளி ஆசிரியருக்கும் புங்குலுவுக்கும் அது ஒரு சொல் மாற்றமாகத் தெரியவில்லை. ஐந்தே வருடத்துக்கு முன் இதே மனிதர் வந்து, வெளியார் உள்ளே வந்தால் நாடு போய்விடும் என்று சொல்லித்தான் அவர்கள் சொங்கோக்கில் வெள்ளைத் துணி சுற்றினார்கள். அந்தப் பயத்தை ஊட்டியவரே அதை மறக்கச் சொன்னார். மறப்பதற்கு வேண்டிய அவகாசத்தையும் தரவில்லை, கிளை கிளையாகப் போய் உட்கார்ந்து பேசவுமில்லை. எண்ணம் சரி, அதை எடுத்துச் சென்ற விதம் தவறு என்பதே நம் கருத்து.

1951 ஆகஸ்ட் 26ஆம் நாள் அவர் அம்னோவை விட்டு வெளியேறினார், அப்போது 56 வயது. துங்கு அப்துல் ரஹ்மான் தலைவரானார். அம்னோவின் முழக்கமும் 'ஹிடுப் மெலாயு' என்பதிலிருந்து 'மெர்டேக்கா' என்று மாறியது. செப்டம்பர் 16ஆம் நாள் கோலாலம்பூர் மெஜஸ்டிக் ஹோட்டலில் மலாயா சுதந்திரக் கட்சியை ஓன் தொடங்கினார். எல்லா இனத்தாரும் சேரலாம். பத்தாண்டுகளுக்குள் சுயாட்சி என்று அறிவித்தார். தொடக்கக் கூட்டத்துக்குத் தான் செங் லோக் தலைமை தாங்கினார். மஇகா ஆதரவு தந்தது.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் நம் வட்டாரமும் சும்மா இருக்கவில்லை. அம்னோவின் சமயப் பிரிவிலிருந்து கிளம்பிய உலமாக்கள் நவம்பர் 24ஆம் நாள் பட்டர்வொர்த்தில் கூடித் தனி அமைப்பு கண்டார்கள்; அதுதான் இன்றைய பாஸ் கட்சி. ஹாஜி அகமது புவாட் அதன் முதல் தலைவர். தொடக்கத்தில் ஒருவரே அம்னோவிலும் அதிலும் இருக்கலாம் என்ற நிலை இருந்தது. கெப்பாலா பத்தாஸில் மதரஸா நடத்திய ஷேக் அப்துல்லா ஃபாஹிம் பினாங்கின் முதல் முஃப்தியாகப் பொறுப்பேற்றதும் அதே 1951இல்தான். அவருடைய பேரர் பின்னாளில் இந்தத் தொகுதியிலிருந்தே பிரதமராகப் போனார். பாஸ் பிறந்த ஒரே வாரத்தில், டிசம்பர் 1ஆம் நாள், கடலுக்கு அக்கரையில் ஜார்ஜ் டவுனில் மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 9 இடங்களில் 6ஐ ரேடிக்கல் கட்சி பிடித்தது. மலாய்க் கட்சி, பல இனக் கட்சி, சமயக் கட்சி என்ற மூன்று வழியும் நான்கு மாதத்துக்குள் மக்கள் முன் வந்து நின்றன. பினாங்குத் தமிழ் முஸ்லிமுக்கு மூன்றிலும் கொஞ்சம் இடம் இருந்தது, ஒன்றிலும் முழு இடம் இல்லை.

ஓனின் கட்சிக்குச் சோதனை 1952 பிப்ரவரி 16ஆம் நாள் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் வந்தது. அவர் கட்சி எளிதில் ஜெயிக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அம்னோவின் கோலாலம்பூர்க் கிளையும் சிலாங்கூர் மசீசவும் ஜனவரியில் கைகோத்தன. அம்னோ பக்கம் யாஹ்யா ரசாக், மசீச பக்கம் எச். எஸ். லீ. கட்சிகள் கலக்க வேண்டாம், அவரவர் வீட்டில் அவரவர் இருப்போம், தேர்தலுக்கு மட்டும் ஒரே வேட்பாளரை நிறுத்துவோம் என்பது அவர்கள் கணக்கு. மலாய் வாக்காளரிடம் மலாய்க்காரர் போனார், சீனரிடம் சீனர் போனார். ஓனின் ஆட்களோ படித்தவர்களின் கூட்டங்களில் ஆங்கிலத்தில் ஒற்றுமை பேசிக்கொண்டிருந்தார்கள். 12 இடங்களில் கூட்டணிக்கு 9, ஓனின் கட்சிக்கு 2, ஒன்று சுயேச்சைக்கு. இந்த நாட்டு அரசியலின் அச்சு அன்றைக்கு வார்க்கப்பட்டது. 1954இல் மஇகாவும் அந்தக் கூட்டணிக்குள் போய்விட்டது.

அதற்குப் பின் ஓன் செய்ததை நம்மால் பாராட்ட முடியவில்லை. 1954இல் பார்ட்டி நெகாரா என்று புதுக் கட்சி தொடங்கினார். மலாய்க்காரர்களின் வாக்கைத் திரும்பப் பெற, குடியேறியவர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசவும் தொடங்கினார். எந்தக் கதவைத் திறக்கச் சொல்லிப் பதவியை விட்டாரோ அந்தக் கதவின் தாழ்ப்பாளைத் தாமே தேடினார். 1955 ஜூலை 27ஆம் நாள் தேர்தலில் வாக்காளர்களில் சுமார் 84 சதவீதம் மலாய்க்காரர்கள். அந்தக் கணக்கு அவரைத் திருப்பியிருக்க வேண்டும். பலன் இல்லை. 52 இடங்களில் கூட்டணி 51ஐப் பிடித்தது, மிச்சம் ஒன்று பாஸுக்குப் போனது. ஜொகூர் பாருவில், சொந்த மண்ணிலேயே, ஓன் தோற்றார்.

1957இல் மெர்டேக்கா வந்தபோது அவர் மேடையில் இல்லை. 1959இல் கோலா திரெங்கானு செலாத்தான் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். கட்சியின் ஒரே உறுப்பினர். 1962 ஜனவரி 19ஆம் நாள், 66ஆம் வயதில் மறைந்து, ஜொகூர் பாரு மஹ்மூடியா அரச அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அவரோடு 1951இல் வெளியேறியவர்களில் அவருடைய மகன் ஹுசேனும் ஒருவர். அம்னோ இளைஞர் பகுதியின் முதல் தலைவராக இருந்தவர். 1968இல் ஹுசேன் ஓன் அம்னோவுக்குத் திரும்பினார். 1976 ஜனவரியில் நாட்டின் மூன்றாவது பிரதமரானார்.

அதே 1976இல்தான் இந்திய முஸ்லிம்களுக்கென்று கிம்மா கட்சி தோன்றியது. தனித்தனி வீடுகள் என்ற ஏற்பாட்டில் நமக்கென்று வீடு இல்லை என்ற குறை அதற்குக் காரணம். அரசமைப்புச் சட்டத்தின் 160ஆவது விதி, இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கத்தைக் கைக்கொள்பவரை, மெர்டேக்காவுக்கு முந்தைய பிறப்பு அல்லது வாழ்விட நிபந்தனையோடு, மலாய்க்காரர் என்கிறது. அந்த வழியாக நம்மவர் பலர் அம்னோ கிளைகளுக்குள் போனார்கள். தமிழை விட மனமில்லாதவர்கள் மஇகாவில் இருந்தார்கள். இரண்டும் வேண்டாமென்றவர்கள் கிம்மாவைத் தட்டினார்கள். தேசிய முன்னணியில் சேரக் கிம்மா பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தது. 1991இல் அம்னோ சபாவுக்குப் போய் மலாய்க்காரரல்லாத பூமிபுத்ராக்களையும் சேர்த்துக்கொண்டது. 2010இல் கிம்மாவை அம்னோவின் இணை உறுப்பினராக ஏற்றார்கள். ஓன் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி 59 ஆண்டுகள் ஆகியிருந்தன.