நப்ஸிடம் கணக்குக் கேட்ட இமாம்

கெட்ட பழக்கம் என்றதும் மதுவும் சூதும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் தொழுகையும் நோன்பும் உள்ளவரிடத்திலும், மார்க்கக் கல்வி போதிக்கும் ஆலிமிடத்திலும்கூட, வெளியே தெரியாத ஒரு பழக்கம் வேர்விட்டுவிடக்கூடும். அதுதான் புகழாசை. அதைத் தம்மிடமே கண்டுபிடித்து, அதனோடு மல்லாடிய ஒரு பெருமகனாரின் வரலாறு இது.

இமாம் அபூஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) குராஸானிலுள்ள தூஸ் நகரில் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூற்றுப் பிழைத்த ஏழை. அவர் மரணத் தறுவாயில் தம் மைந்தர் இருவரையும் ஸூபியான நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். கொடுத்துச் சென்ற சிறு தொகை தீர்ந்ததும், உணவாவது கிடைக்கட்டும் என்று அந்த நண்பர் பிள்ளைகளை மதரஸாவில் சேர்த்துவிட்டார். வயிற்றுக்காகத் தொடங்கிய அந்தக் கல்வி, கடைசியில் அல்லாஹ்வுக்கன்றி வேறெதற்கும் ஆக மறுத்துவிட்டதாக இமாமவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். 1085-இல் உஸ்தாத் வபாத்தானபின், ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் சபையை அடைந்தார்கள். விவாதத்தில் அவர்களை வெல்ல ஆளில்லை. ஹிஜ்ரி 484-இல் (1091), தமது 33-ஆம் வயதில், பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் தலைமை ஆசிரியராக அமர்ந்தார்கள். 300 மாணவர்கள் பாடம் கேட்டனர். செல்வமும் செல்வாக்கும் தேடி வந்தன.

இந்த உச்சியில் நின்றுதான் இமாமவர்கள் தம் கல்பைச் சோதித்துப் பார்த்தார்கள். பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா என்று தம்மையே கேட்டபோது, பட்டமும் பேரும்தான் தம்மை இயக்குகின்றன என்று கண்டு நடுங்கினார்கள். பதவியைத் துறக்கக் காலையில் உறுதி கொள்வார்கள். மாலையில் நப்ஸு அந்த உறுதியைக் குலைத்துவிடும். ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் (1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் இப்படியே கழிந்தது. இறுதியில் நாவு கட்டுண்டது. மாணவர் முன் ஒரு சொல்லும் எழவில்லை. உணவும் தண்ணீரும் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கிறது, மருந்தால் தீராது என்று வைத்தியர்கள் கைவிட்டனர். தம் இயலாமையை உணர்ந்து ரப்பிடம் மன்றாடியபின்தான் துறக்கும் துணிவு பிறந்தது.

பிள்ளைகளின் பிழைப்புக்கு வேண்டியதை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றப் பொருளைப் பகிர்ந்தளித்துவிட்டு பக்தாதை விட்டு வெளியேறினார்கள். டமாஸ்கஸில் சுமார் இரண்டாண்டுகள். அங்கே பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு பகல் முழுதும் தனித்திருப்பார்கள். பைத்துல் முகத்தஸிலும் அவ்வாறே இருந்து, பின்னர் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள்.

இந்தத் துறவுக் காலத்தின் கனிதான் இஹ்யாவு உலூமித்தீன். நாற்பது பாகங்கள் கொண்ட அந்நூலில், வயிற்றாசை, நாவின் தீங்கு, கோபம், பொறாமை, பெருமை என மனிதனை அழிக்கும் குணங்களுக்கே பத்துப் பாகங்களை ஒதுக்கினார்கள். குணம் மாறாது என்பாரை மறுத்தார்கள். அழகிய கையெழுத்து வேண்டுவோன் முதலில் வலிந்து வலிந்து எழுதுகிறான். பழகப் பழக அது இயல்பாகிவிடுகிறது. கொடையும் பொறுமையும் அவ்வாறே வரும் என்று விளக்கினார்கள்.

நப்ஸைத் திருத்த அவர்கள் காட்டிய வழி, வியாபாரிக்கு எளிதில் விளங்கும். ஆயுள்தான் முதல், நப்ஸு கூட்டாளி. காலையில் கூட்டாளியிடம் நிபந்தனை பேசிக்கொள்ள வேண்டும். பகலில் கண் வைத்திருக்க வேண்டும். இரவில் லாப நஷ்டக் கணக்குக் கேட்க வேண்டும். நஷ்டம் காட்டினால் தண்டிக்க வேண்டும். சோம்பினால் கூடுதல் இபாதத்தைச் சுமத்த வேண்டும். ஓயாமல் கண்டித்துக்கொண்டேயிருக்க வேண்டும். நாலணாவுக்குக் கணக்குப் பார்க்கும் மனிதன், திரும்பக் கிடைக்காத மூச்சுக்குக் கணக்குப் பார்க்காமல் விடலாமா?

உண்மைச் சோதனை அதன் பிறகே வந்தது. ஹிஜ்ரி 499-இல் (1106) அமைச்சர் பக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்கள். தொழில் பழையதே, நிய்யத்து புதியது. முன்பு புகழைத் தேடித்தரும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது புகழைத் துறக்கச் செய்யும் கல்வியைப் போதிப்பதாகவும் தாமே எழுதினார்கள். இலட்சியத்தை அடைந்துவிட்டதாக மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

பின்னர் தூஸுக்கே திரும்பி, வீட்டருகில் மதரஸாவும் ஸூபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்தார்கள். குர்ஆன் ஓதுதல், நல்லோருடன் அமர்தல், பாடம் நடத்துதல் எனப் பொழுதைப் பங்கிட்டு, ஒரு கணமும் வீணாகாமல் காத்தார்கள். ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் 14-இல் (1111) வபாத்தானார்கள். அன்று ஸுப்ஹு வேளையில் உளூச் செய்து தொழுது, கபன் துணியைக் கேட்டு வாங்கி முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றி, கிப்லாவை நோக்கிப் படுத்ததாகச் சகோதரர் அஹ்மது அறிவித்துள்ளார்கள். கணக்கை முடித்து வைத்திருந்தவரின் புறப்பாடு அது.

சகோதரர்களே! அத்தகைய இமாமுக்கே ஒரு நாள் உறுதி போதவில்லை. ஆறு மாதம் தடுமாறினார்கள். ஆதலால் ஒரு முறை வழுக்கியதற்காக நாம் நம்பிக்கை இழக்க வேண்டாம். புறம் பேசுவதோ, கோபமோ, புகையோ, நம்மிடமுள்ள ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஸுப்ஹுக்குப் பின் நிபந்தனை, இஷாவுக்குப் பின் கணக்கு. நாளை மஹ்ஷரில் கணக்குக் கேட்கப்படுமுன் நமக்கு நாமே கணக்குப் பார்த்துக்கொள்ள அல்லாஹ் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.