முப்புரி கண்ட அறிஞர்

தோலுக்கு உறுதி தருவதும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணாக அமைவதும், எலும்பினுள்ளும் இழையாய் ஓடுவதும் கொலாஜன் என்னும் புரதமாகும். நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. இத்துணைப் பெருகிக் கிடந்தும் இதன் உள்ளமைப்பு 1950ஆம் ஆண்டளவிலும் அறிஞர்க்குத் தெளிவாகப் புலப்படவில்லை. அதனைச் சென்னை மாநகரிலிருந்து ஆராய்ந்து உலகிற்கு உரைத்தவர் ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்த இவர், ஆங்கிருந்த சர் சி. வி. இராமனின் மாணவராகி இயற்பியலுக்கு மாறினார். கேம்பிரிட்சு சென்று பட்டம் பெற்று 1949இல் மீண்டார். 1952இல், முப்பது வயதளவில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமை இவரைச் சேர்ந்தது.

அவ்வாண்டு சென்னைக்கு வந்த அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்பதை எடுத்துரைத்தார். இராமச்சந்திரன் அதனையே பற்றிக்கொண்டார். ஆய்வுப்பொருளுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது; தோல் பதனிடுவோர்க்குக் கொலாஜன் அன்றாடச் சரக்கன்றோ? ஆங்கிருந்து கங்காருவின் வால்நாண் கிடைத்தது. அதில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தா என்பாருடன் கூடி ஆராய்ந்தார். மூன்று இழைகள் சேர்ந்த முப்புரி அமைப்பை இருவரும் 1954இல் வெளியிட்டனர். அம்மூன்றும் கயிறுபோல ஒன்றையொன்று சுற்றி முறுக்குண்டவை என்பதை அடுத்த ஆண்டில் தெளிவாக்கினர்.

உடனே மறுப்பு எழுந்தது. மறுத்தவர்கள் கிரிக், ரிச் என்னும் பெரும்புலவர்கள். முறுக்கை அவர்களும் ஒப்பினர். ஆனால் அணுக்கள் சில அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றும், இழைகளுக்கிடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புக்கு இடமில்லை, ஒன்றே உண்டென்றும் கூறினர். இராமச்சந்திரன் சினந்து வாதிடாமல், அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே முதலில் அளந்தறிய முற்பட்டார். அம்முயற்சியில் விளைந்ததே, சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட வரைபடம். எப்புரதத்தின் வடிவத்தையும் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் அதனையே கையாள்கின்றனர். மறுப்பு இல்லையேல் அது பிறந்திருக்குமோ என்பது ஐயமே. 1994இல் கொலாஜன் போன்ற சிறு படிகமொன்றை ஆராய்ந்தபோது முப்புரி உறுதியாயிற்று. நேர்ப்பிணைப்பு ஒன்றே என்னும் மறுத்தவர் கூற்றும் மெய்யாயிற்று. இழைகளை நீர் மூலக்கூறுகள் இடைநின்று பிணைப்பதும் அதிற் காணப்பட்டது. அத்தகைய நீர்ப்பிணைப்பை இராமச்சந்திரன் 1968லேயே கருதியிருந்தார்.

கொலாஜனை நீரிலிட்டுக் காய்ச்சினால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகும். ஆறும்போது இழைகள் ஆங்காங்கே மீண்டும் முப்புரியாகிக் கண்ணிகளிட்ட வலைபோல நீரைப் பிடித்துக்கொள்ளும். அதுவே ஜெல் எனப்படும் நீர்க்களி. உடற்சூட்டில் அது உருகிவிடுமாதலின், இழைகளை வேதிமுறையில் பிணைத்து உறுதியாக்கி, மருந்தை அதனுள் ஏற்றுகின்றனர். உடலிலுள்ள நொதிகள் வலையைச் சிறிது சிறிதாக அரிக்க, மருந்தும் சிறிது சிறிதாக வெளிப்படும். மருந்து தீர்ந்தபின் எடுத்தெறிய வேண்டிய மிச்சம் இராது.

இராமச்சந்திரன் 1970களின் தொடக்கத்தில் பெங்களூர் திரும்பினார். 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். முதுமையில் நடுக்குவாத நோய் வருத்தியது; 1998இல் மனைவியாரையும் இழந்தார். படிகவியலார்க்கு உரிய எவால்டு பரிசு 1999இல் இவருக்கு வழங்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.