பி.ஆர். ராஜமய்யரின் வாழ்வும் கமலாம்பாள் சரித்திரத்தின் எடுத்துரைப்பும்

முன்னுரை

கமலாம்பாள் சரித்திரத்தின் முற்பகுதியைப் போற்றுவதும், பிற்பகுதி வேதாந்தத்துள் அமிழ்ந்துவிட்டது எனக் குறைகூறுவதும் தமிழ் நாவல் திறனாய்வில் ஏறத்தாழ மரபாகிவிட்டன. இக்குறையை ஆசிரியரின் துறவு மனநிலையோடு இணைத்து விளக்குவோரும் உளர். அவ்விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் ஓர் ஆசிரியரின் மனமாற்றம் புனைகதையின் எந்தக் கூற்றைத் தாக்குகிறது என்பது தனியே கேட்கப்படவேண்டிய வினா. கதைப்பின்னலா, பாத்திரப்படைப்பா, எடுத்துரைப்பா? ராஜமய்யரின் குறுகிய வாழ்வை நாவலோடு ஒருசேர வைத்து இவ்வினாவை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வத்தலக்குண்டு முதல் சென்னை வரை

ராஜமய்யர் 1872ஆம் ஆண்டு மதுரையை அடுத்த வத்தலக்குண்டில் பிறந்தார். (பிற்காலத்தில் பி.எஸ். ராமையாவையும் சி.சு. செல்லப்பாவையும் தமிழ்ப் புனைகதைக்கு அளித்த ஊரும் இதுவே.) மதுரையில் பயின்ற பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டமும் பயின்றார், ஆயினும் வழக்கறிஞர் தொழிலை மேற்கொள்ளவில்லை. ஆங்கில இலக்கியப் பயிற்சியும், கம்பரிடத்தும் தாயுமானவரிடத்தும் கொண்ட ஈடுபாடும் அவரிடம் ஒருங்கே வளர்ந்தன. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கொண்டு அவரை அளப்பது பொருந்தாது.

விவேகசிந்தாமணி இதழில் 1893இல் தம் கதையைத் தொடராக வெளியிடத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. அதற்கு முந்திய ஆண்டில் அதே இதழில் அ. மாதவையாவின் சாவித்திரி சரித்திரம் தொடங்கி இடையிலேயே நின்றுபோயிருந்தது. ராஜமய்யரின் தொடர் ஆபத்துக்கிடமான அபவாதம் என்னும் தலைப்பையும் தாங்கி வந்தது. 1895இன் தொடக்கத்தில் நிறைவுற்று, 1896இல் நூலாயிற்று.

ஊரும் பழியும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் (1879) தன்மைக் கூற்றில் அமைந்தது. கதைமாந்தன் தன் வரலாற்றைத் தானே சொல்லிச் செல்ல, இடையிடையே கிளைக்கதைகள் வந்து சேரும். அதில் ஊர் என்பது நிகழ்ச்சிகள் நடப்பதற்கான இடம் மட்டுமே. ராஜமய்யரின் சிறுகுளம் அத்தகையதன்று. அங்கே வம்பர் மகாசபை என்று ஆசிரியர் பெயரிட்டழைக்கும் பெண்கள் கூட்டம் இருக்கிறது, சல்லிக்கட்டு நடக்கிறது, பேயாண்டித் தேவன் தன் வழக்கில் பேசுகிறான், அக்கிரகாரத்துப் பேச்சு வேறு ஓசையில் ஒலிக்கிறது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் புலவரைப் படித்துச் சிரிக்காத தமிழாசிரியர் அரியர். சிரிப்பு நம் துறையையே குறிவைத்தது என்பதை உணர்ந்தும் சிரிக்கிறோம்.

இவை வெறும் வருணனைகளாக நின்றுவிடவில்லை என்பதே கருதத்தக்கது. முத்துஸ்வாமி அய்யரின் குடும்பம் சிதைவதற்குக் குடும்பப் பகையும் ஊர்ப்பேச்சும் காரணமாகின்றன. மகன் நடராஜன் காணாமற்போவதும் செல்வம் அழிவதும் புறத்தே நேரும் இழப்புகள். அவற்றை அவர் தாங்கிக்கொள்ளக்கூடும். கமலாம்பாளின்மீது சுமத்தப்படும் பழியோ அவரை வீட்டைவிட்டே வெளியேற்றுகிறது. முற்பகுதியில் வாசகரைச் சிரிக்கவைத்த அதே வம்பு, பிற்பகுதியில் ஒரு குடியைக் குலைக்கும் ஆற்றலாக மாறிவிடுகிறது. பின்புலமாக அறிமுகமான ஒன்று காரணமாக வளர்வதை இங்கே காண்கிறோம். அபவாதம் என்னும் சொல்லைத் தலைப்பிலேயே வைத்த ஆசிரியர் இதனை அறியாமல் செய்தார் என்று கொள்ள இயலாது. எனவே, முத்துஸ்வாமி அய்யர் ஞானகுருவை நாடிச் செல்வது கதைப்பின்னலுக்கு வெளியிலிருந்து ஒட்டப்பட்டது என்னும் கருத்து ஏற்புடையதன்று. அவர் செல்லும் வழியைச் சிறுகுளமே அமைத்துக் கொடுத்துவிட்டது.

குரலில் நேர்ந்த மாற்றம்

அவ்வாறாயின் வாசகர் உணரும் பிளவு எங்கே உள்ளது? அது கதைசொல்லியின் குரலில் உள்ளது. முற்பகுதியின் கதைசொல்லி தன் மாந்தர்களிடமிருந்து ஓரடி விலகி நிற்பவர். அவர்களை நேசிக்கிறார், கேலியும் செய்கிறார், வாசகரை அருகழைத்துக்கொண்டு அவர்களைப் பற்றிப் பேசுகிறார். குரு தோன்றியபின் அந்த ஓரடி இடைவெளி மறைகிறது. கதைசொல்லி கேட்பவராகிறார், குருவின் சொல்லை எள்ளி நோக்கும் உரிமையைத் தாமே துறந்துவிடுகிறார். கதை தமக்கு முதன்மை நோக்கமன்று என்றும், அலைக்கழிந்த ஓர் உயிர் அமைதியடைவதைக் காட்டுவதே கருத்து என்றும் நூலின் இறுதியில் அவர் கூறுவது இம்மாற்றத்தின் முடிந்த நிலை. கமலாம்பாளின் துயரம் இதனால் பாதிக்கப்படுகிறது என்பது என் துணிபு. பழி சுமந்தவள் அவளே. ஆனால் அப்பழியின் பொருளை ஆராயும் பக்கங்கள் பெரும்பாலும் கணவனுக்கே உரியனவாகின்றன. நூலின் பெயர் அவளுடையது, இறுதிப் பகுதியின் நோக்குநிலை அவளுடையதன்று. வேதாந்தத்தை ஏற்பதும் மறுப்பதும் வாசகரின் விருப்பம்; இக்குறை அவ்விருப்பத்தைச் சார்ந்ததன்று.

தொடர் எழுதப்பட்ட முறையையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். திங்கள்தோறும் வெளியாகும் இதழுக்கு எழுதுபவர், தம் மனம் மாறியபின் திரும்பிச் சென்று முதல் இயல்களைத் திருத்த இயலாது. 21 வயதினர் தொடங்கியதை 23 வயதினர் முடித்தார். இடைப்பட்ட மாற்றத்தின் சுவடு அச்சில் அப்படியே நின்றுவிட்டது.

பிரபுத்த பாரதம்

1896 ஜூலையில் சென்னையிலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழ் தொடங்கப்பட்டபோது ராஜமய்யர் அதன் ஆசிரியரானார். அதிலும் வாசுதேவ சாஸ்திரி என்பவரை மையமாக்கி ஒரு கதையை எழுதினார் என்பதால், வேதாந்தத்தில் தோய்ந்தபின் அவர் புனைகதையைக் கைவிட்டார் என்று கூறமுடியாது. 1898 மே 13 அன்று, 26ஆம் வயதில் மறைந்தார். அவருடைய ஆங்கில எழுத்துகள் 1905இல் தொகுக்கப்பெற்றன. அவர் மறைந்ததும் இதழ் அல்மோராவுக்கு இடம்பெயர்ந்தது. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் நூலாக வெளிவரத் தொடங்கியதும் அதே 1898இல்தான்.