காயம் கட்டிய கவிஞர்

அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் பெயர் தமிழ் இலக்கிய அன்பர்களுக்குப் புதிதன்று. யாப்பின் தளையை அறுத்துப் பாடியவர் என்றும், மக்களாட்சியின் பாவலர் என்றும் அவரை அறிவோம். நம் பாரதியாரும் தம் கட்டுரையொன்றில் அவரைத் தமிழருக்கு அறிமுகஞ் செய்து வைத்தார். ஆயினும், அப்பெருங் கவிஞரின் நடுவயதிலே சில ஆண்டுகள் எழுதுமேசையருகே கழியாது நோயாளரின் கட்டிலருகே கழிந்தன என்பதை அறிந்தோர் சிலரே. வைத்தியக் கல்வியோ தாதியர் பயிற்சியோ பெறாத ஒருவர், சம்பளமும் பதவியுமின்றித் தாமே மேற்கொண்ட பணி அது. விட்மனின் கவிதை எத்தகைய மனிதரின் உள்ளத்திலிருந்து பிறந்தது என்பதை அறிய விரும்புவோர், அப்பணியையும் அறிந்திருத்தல் நன்று.

இளமை

விட்மன் 1819ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த லோங் ஐலண்ட் என்னும் தீவிலே பிறந்தார். தந்தையார் வீடு கட்டும் தச்சர். பிள்ளைகள் பலர், வருவாயோ குறைவு. பதினோரு வயதளவிற் பள்ளிக்கூடத்தை விட்ட சிறுவர், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பழகினார். பின்னர் கிராமப் பள்ளிகளில் ஆசிரியராகவும், புரூக்ளின் நகரிலே பத்திரிகாசிரியராகவும் இருந்தார். 1855இல், பன்னிரண்டு கவிதைகளைக் கொண்ட ‘புல்லின் இதழ்கள்’ என்னும் நூலைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். உழவனும் தச்சனும் அடிமையும் நோயாளியும் தமக்கு அயலாரல்லர் என்பதே அந்நூலின் உட்கிடை.

அக்கொள்கை வெறுஞ் சொல்லாக நின்றுவிடவில்லை. நியூயோர்க் வீதிகளில் குதிரை வண்டி ஓட்டிய சாரதிகள் அவருக்கு நண்பர்கள். விபத்திற் காயமுற்று அவர்கள் வைத்தியசாலையிற் கிடந்தபோது, விட்மன் அங்கே சென்று அவர்களுடன் உரையாடிவிட்டு வருவார். அவ்வழக்கம் எத்தனை பெரிய கடமைக்கு ஆயத்தமாக அமைந்தது என்பதை அன்று அவரே அறிந்திரார்.

தம்பியைத் தேடி

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. தம்பி ஜோர்ஜ் வடபகுதிப் படையிற் சேர்ந்தார். 1862 டிசம்பர் 13ஆம் திகதி பிரெடரிக்ஸ்பர்க் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரிலே வடபகுதியார் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை இறப்பாலும் காயத்தாலும் பிறவாறும் இழந்தனர். மூன்று நாட்களின் பின் பத்திரிகையில் வந்த காயமுற்றோர் பட்டியலில், எழுத்துப் பிழையுடன் ஒரு பெயர் காணப்பட்டது. அது தம்பியின் பெயரே எனக் குடும்பத்தார் அஞ்சினர். விட்மன் உடனே புறப்பட்டார். வழியிலே பிலடெல்பியாவில் அவரது பணத்தை முடிச்சுமாறி ஒருவன் கவர்ந்துகொண்டான். கையிற் காசின்றி வாஷிங்டன் வைத்தியசாலைகளிலெல்லாம் தம்பியைத் தேடிக் காணாது, இறுதியில் வேர்ஜீனியாவில் இருந்த பாசறையை அடைந்தார். தம்பிக்கு நேர்ந்தது கன்னத்திற் சிறு காயமே.

ஆயினும், அங்கே கண்ட மற்றொரு காட்சி அவரை விட்டு நீங்கவில்லை. வைத்தியசாலையாக மாற்றப்பட்ட மாளிகையொன்றின் முன்னே, மரத்தடியில், வெட்டியகற்றப்பட்ட கைகளும் கால்களும் குவிந்து கிடந்தன. சில நாட்கள் பாசறையிலே தங்கிய விட்மன், ஆண்டிறுதியிற் காயமுற்றோருடன் கூடவே வாஷிங்டனுக்குத் திரும்பினார். வழியெல்லாம் அவர்கள் தத்தம் வீட்டுக்குச் சொல்லியனுப்பிய செய்திகளைக் குறித்துக்கொண்டார். சில நாட்களில் ஊர் திரும்பலாம் என எண்ணியவர், அந்நகரிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டார்.

விடுதிகளின் நிலை

அக்காலத்து வாஷிங்டன் நகரமே ஒரு பெரும் வைத்தியசாலையாக இருந்தது எனலாம். மரப்பலகையால் அமைத்த நீண்ட கொட்டில்களிலே கட்டில்கள் வரிசை வரிசையாகப் போடப்பட்டிருந்தன. அரசாங்கத்தின் புத்தாக்க உரிமைப் பதிவகத்திலே, கண்ணாடிப் பேழைகளுள் வைத்திருந்த இயந்திர மாதிரிகளுக்கு இடையே நோயாளர் படுத்திருந்தனர். 1865 மார்ச்சில் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றபோது நடன விருந்து நிகழ்ந்ததும் அக்கட்டடத்திலேயே. முன்பு அங்கே எழுந்த முனகல் ஒலியை நினைவு கூர்ந்து விட்மன் எழுதி வைத்தார்.

பயிற்சி பெற்ற தாதியர் அந்நாட்டில் இல்லையென்றே சொல்லலாம். டொரதியா டிக்ஸ் அம்மையாரின் மேற்பார்வையிற் பெண்கள் பலர் பணியாற்றினர். எனினும், நோயாளரைத் தூக்குவதும் துடைப்பதும் ஊட்டுவதுமாகிய வேலைகளிற் பெரும்பகுதியைச் செய்தவர்கள், நோய் தேறிவந்த போர்வீரர்களே. அப்போரில் இறந்தோருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினரைக் கொன்றது நெருப்புக் காய்ச்சல், வயிற்றோட்டம் முதலிய பிணிகளேயன்றித் துப்பாக்கியன்று. கிருமிகளைப் பற்றிய அறிவு வைத்தியருக்கு இல்லை. லிஸ்டரின் நச்சுநீக்க முறை வெளியானது 1867இலேதான். ஒருவன் புண்ணைத் துடைத்த பஞ்சே அடுத்தவன் புண்ணுக்கும் சென்றது. காயம் கட்டிய கைகளே நஞ்சைக் கொண்டு சென்றிருத்தலும் கூடும். அதனை வைத்தியரும் அறியார், விட்மனும் அறியார். மருந்தின் வலிமை அத்துணைச் சுருங்கியிருந்த காலத்திலே, நோயாளி பிழைப்பதற்குப் பராமரிப்பே பெருந்துணையாயிற்று.

அவர் கற்ற கலை

படைச் சம்பளக் காரியாலயமொன்றில் நாளிற் சில மணிநேரம் பிரதி எழுதி, அவ்வருவாயில் விட்மன் சிறு அறையொன்றில் வாழ்ந்தார். எஞ்சிய நேரம் நோயாளருக்குரியது. வைத்தியசாலைக்குப் போகுமுன் நீராடி, தூய உடை தரித்து, நன்றாக உண்டு, இளைப்பாறி, முகமலர்ச்சியுடனேயே புறப்படுவார். சோர்ந்த முகம் நோயாளியை மேலுஞ் சோர்வடையச் செய்யும் என்பது அவர் அனுபவத்திற் கண்ட உண்மை.

சட்டைப்பையிற் சிறு குறிப்பேடொன்று எப்போதும் இருக்கும். நோயாளியின் பெயர், கட்டில் இலக்கம், காயத்தின் தன்மை, அவனுக்கு வேண்டிய பொருள் ஆகியன அதில் இடம் பெறும். ஒருவனுக்குத் தோடம்பழம், ஒருவனுக்குப் பழச்சாறு, ஒருவனுக்குப் புகையிலை, மற்றொருவனுக்குக் கடிதத்தாளும் முத்திரை ஒட்டிய உறையும் எனக் கொண்டுவந்து கொடுப்பார். எல்லோருக்கும் ஒன்றையே கொடுப்பது அவர் வழக்கமன்று. இவனுக்கு எது தகும், எது தகாது என்று நோக்கிக் கொடுப்பதையே அவர் ஒரு கலையாகப் பயின்றார். பொருள் எதனையும் வேண்டாது, அருகில் ஒருவர் இருத்தலையே விரும்புவோரும் இருந்தனர். அவர்களின் கையைப் பற்றியபடி மௌனமாக அமர்ந்திருப்பார். வேண்டியவிடத்துப் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். இறுதி நிலையிலிருப்போர் அருகே இரவு முழுவதும் விழித்திருப்பார். வடபகுதி வீரன், தென்பகுதிக் கைதி, கறுப்பினப் போராளி என்ற வேற்றுமையை அவர் பாராட்டவில்லை.

1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. மசாசூசெட்ஸ் மாநிலத்து இளைஞனொருவன் வயிற்றுளைவால் நலிந்து, வழியிற் கவனிப்பாரின்றி, வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்திருந்தான். ஒளியிழந்த அவன் கண்களைக் கண்டு நின்ற விட்மன், பேச்சுக் கொடுத்தார், மறுமொழி இல்லை. அருகில் அமர்ந்து, அவன் வீட்டாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். விடுதியிற் பால் விற்க வரும் பெண்ணிடம் ஒரு குவளை பால் வாங்க அவன் விரும்பினான், கையிற் காசில்லை. விட்மன் சில்லறை கொடுத்ததும் அவன் தேம்பி அழுதான். உடல் தேறிய பின்னர், அந்நாளே தன்னுயிரைக் காத்தது என அவன் கூறினான். கொடுத்த காசோ மிகச் சிறியது. தளர்ந்து கிடந்தவனின் கண்ணை நின்று நோக்க ஒருவர் இருந்தமையே அவனைக் காத்தது.

எல்லோரும் பிழைத்தாரல்லர். அவ்வாண்டு ஆகஸ்டில், நெருப்புக் காய்ச்சலால் இறந்த இளங் குழலிசைஞன் ஒருவனின் பெற்றோருக்கு விட்மன் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. மகன் எவ்வாறு கிடந்தான், யார் அருகிருந்தார், அவனது சிறு குழல் எங்கிருந்தது என்பனவற்றையெல்லாம் அதில் அவர் விவரித்தார். மகனின் இறுதி நாட்களைக் காணாத பெற்றோருக்கு அவ்விவரங்களே எஞ்சிய செல்வம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கொடுத்த விலை

பொஸ்டன், புரூக்ளின் முதலிய நகரங்களிலிருந்து நண்பர்கள் அனுப்பிய பணமெல்லாம் நோயாளருக்கே சென்றது. 1864 ஜூனில், வைத்தியசாலையொன்றின் நோயாளர் அனைவருக்கும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். அதனை அன்றுதான் முதன்முறை சுவைத்த கிராமத்து இளைஞர் பலர். அதே மாதத்தில் அவர் உடல் தளர்ந்தது. தலைசுற்றலும் தொண்டை நோவும் வாட்ட, வீட்டுக்குத் திரும்பி ஆறு மாதம் தங்க நேர்ந்தது. 1865 ஜனவரியில் அரசாங்க இலிகிதராக மீண்டும் வந்து, பழைய பணியைத் தொடர்ந்தார். போர் முழுவதிலும் அறுநூறு தடவைக்கு மேல் வைத்தியசாலைகளுக்குச் சென்றதாகவும், எண்பதாயிரம் முதல் நூறாயிரம் வரையிலான நோயாளரிடையே நடந்ததாகவும் அவரே கணக்கிட்டார். அவ்வனுபவத்திற் பிறந்த போர்க்காலக் கவிதைகள் 1865இல் நூலாயின. காயங் கட்டுபவனின் நினைவாக அமைந்த கவிதை அவற்றுள் ஒன்று.

அவ்வாண்டு ஜூனிலேயே, ‘புல்லின் இதழ்கள்’ ஒழுக்கக்கேடான நூல் எனக் கருதிய அமைச்சர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். நண்பர்கள் உடனே வேறு காரியாலயத்தில் இடம் தேடிக் கொடுத்தனர். 1873 ஜனவரியிற் பாரிசவாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்தது. வைத்தியசாலை ஆண்டுகளே இதற்கு வித்திட்டன என்பது அவர் நம்பிக்கை. முன்பு எந்தத் தம்பியைத் தேடிச் சென்றாரோ, அந்த ஜோர்ஜின் வீட்டிலேயே, நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரில், அவர் பத்தாண்டளவு அடைக்கலம் பெற்றார். பின்னர் அவ்வூரிற் சொந்தமாகச் சிறு வீடொன்று வாங்கினார். இறுதிக் காலத்தில், மாலுமியாயிருந்த இளைஞனொருவன் அவரைத் தூக்கி அமர்த்தியும் துடைத்தும் பராமரித்தான். 1892 மார்ச் 26ஆம் திகதி விட்மன் காலமானார். போர்க்காலத்தில் அவர் எழுதிய கடிதங்கள் 1898இல் நூலாக வெளிவந்தன.

இன்று தாதிய உதவியாளர் முறையான பயிற்சி பெறுகின்றனர். கை கழுவுதலின் அருமையை விட்மனினும் நன்கு அறிவர். ஆயினும், அவர்கள் நாள்தோறும் செய்யும் ஊட்டல், துடைத்தல், புரட்டிப் படுக்க வைத்தல், முகத்தின் மாற்றத்தைக் கண்டு மேலோருக்கு அறிவித்தல் ஆகியவற்றைச் சிறு வேலைகள் என்றே உலகம் மதிக்கின்றது. உலகம் போற்றும் கவிஞர் ஒருவர் தம் உடல்நலத்தையே விலையாகக் கொடுத்துச் செய்தவை அவ்வேலைகளே. விட்மனின் கவிதையை வகுப்பறையிற் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனையும் மாணவர்க்கு எடுத்துரைப்பார்களாயின், அக்கவிதையின் பொருள் அவர்களுக்கு இன்னுந் தெளிவாக விளங்கும்.