இரைப்பைக்குள் எட்டிப் பார்த்தவர்

நாம் சாப்பிடும் உணவு இரைப்பையில் எவ்வளவு நேரம் தங்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? வயிற்றைக் கிழிக்காமலேயே அதைப் பார்த்து, அளந்தும் காட்டியவர் வால்டர் கேனன்.

இவர் 1871ம் ஆண்டு அக்டோபர் 19ம் தேதி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். படிப்பில் அக்கறை இல்லை என்று, 14 வயதில் தந்தை இவரை ரயில்வே அலுவலக வேலைக்கு அனுப்பிவிட்டார். பிறகு மீண்டும் பள்ளியில் சேர்ந்து, கருத்துடன் படித்து, ஹார்வர்டு பல்கலைக்கழகம் வரை சென்றார். 1896ல் அங்கேயே மருத்துவ மாணவர் ஆனார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்திருந்தார். அதைக் கொண்டு ஜீரணத்தை ஆராயச் சொன்னார் பேராசிரியர் பவுடிச். எலும்பு எக்ஸ் கதிரில் தெரியும், உணவு தெரியாதே! கேனன் என்ன செய்தார் தெரியுமா? கதிரைத் தடுக்கும் பிஸ்மத் உப்பை உணவில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்தார். உணவு கருநிழலாகத் தெரிந்தது. இரைப்பை அலை அலையாகச் சுருங்கி, உணவைக் கடைந்து, சிறிது சிறிதாகக் குடலுக்குள் தள்ளியது!

பிறகு அளக்கவும் வழி கண்டார். பலவகை உணவுகளை ஒரே அளவில் கொடுத்தார். குடலில் விழுந்த நிழல்களை, குறிப்பிட்ட நேரங்களில் மெல்லிய தாளில் வரைந்தார். அவற்றின் நீளத்தைக் கூட்டினால், இரைப்பையை விட்டு எவ்வளவு உணவு வெளியேறியது என்று தெரிந்தது. மாவுச்சத்து விரைவாகவும், புரதம் அதைவிட மெதுவாகவும் வெளியேறின. கொழுப்பு நெடுநேரம் தங்கியது.

இன்னொரு வியப்பும் காத்திருந்தது. பூனை பயந்தாலோ, கோபப்பட்டாலோ இரைப்பையின் அசைவு சட்டென்று நின்றது. அமைதியானதும் மீண்டும் தொடங்கியது. மனக்கலக்கம் உடலை எப்படி மாற்றுகிறது என்று கேனன் பின்னர் செய்த புகழ்பெற்ற ஆராய்ச்சிகளுக்கு இதுவே வித்து.

எக்ஸ் கதிரின் ஆபத்து அன்று சரியாகத் தெரியாது. பாதுகாப்பின்றி உழைத்த கேனன், பிற்காலத்தில் தோல் நோயால் துன்பப்பட்டு, 1945ல் காலமானார். அந்தக் கதிர்களே நோய்க்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

இன்று சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, நான்கு மணி நேரம் வரை படமெடுத்து, இரைப்பை காலியாகும் வேகத்தை மருத்துவர்கள் பாதுகாப்பாக அளக்கிறார்கள். உணவை நிழலாக்கிப் பார்த்த கேனன்தான் இதற்கு வழிகாட்டி.

குழந்தைகளே! இனி சாப்பிடும்போது கோபமும் சண்டையும் வேண்டாம். உங்கள் இரைப்பை நிம்மதியாக வேலை செய்யட்டும்!