சாமிக்கண்ணு வின்சென்ட்

கோவையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே பல்லடம் என்னும் ஊர் உள்ளது. விசைத்தறியின் ஓசை ஓயாத ஊர் அது. அங்கே ஒரு வீட்டில், மாலை நேரத்தில், வீட்டார் அனைவரும் அகன்ற தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து பழைய தமிழ்ப்படம் ஒன்றைக் காண்கின்றனர் என்று கொள்வோம். படம் நடுவில் மட்டுமே தெரிகிறது. இடப்புறமும் வலப்புறமும் கறுப்புப் பட்டைகள் நிற்கின்றன. பெட்டி பழுதுற்றதோ என்று அவர்கள் ஐயுறுகின்றனர். பழுது ஒன்றும் இல்லை. அந்தப் படத்தின் பிறவி வடிவமே அதுதான். அவ்வடிவத்தை ஊர் ஊராகச் சுமந்து சென்று தென்னாட்டு மக்களின் கண்முன் நிறுத்திய முன்னோடி ஒருவர் உளர். அவரே சாமிக்கண்ணு வின்சென்ட். பல்லடத்துச் சாலையின் இரு முனைகளும் அவர் வாழ்வில் இடம்பெற்றவை. அவர் பிறந்தது கோவையில். அவர் வாழ்வின் திசை மாறியது திருச்சிராப்பள்ளியில்.

வின்சென்ட் 1883-ஆம் ஆண்டில் பிறந்தார். இளமையிலேயே தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராக வேலையில் அமர்ந்தார். கட்டங்களையும் கோடுகளையும் அளவு பிசகாமல் தாளில் வரைவது அவர்தம் தொழில். மாதந்தோறும் தவறாது ஊதியம் வரும் வேலை அது. அக்காலத்தில் அதனினும் பாதுகாப்பான வாழ்வை எந்த இளைஞனும் விரும்பியிரான்.

1905-ஆம் ஆண்டில் டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். அவர் ஊர்தோறும் சென்று சலனப்படம் காட்டி வந்தவர். வந்த இடத்தில் நோயுற்றார். தாய்நாடு திரும்ப விரும்பிய அவர், தம் படக்கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட எண்ணினார். அச்செய்தி வின்சென்டின் செவிக்கு எட்டியது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு. கருவியின் விலையோ இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். சிறு ஊதியம் பெறும் ஓர் ஊழியருக்கு அது மலைபோன்ற தொகை. ஆயினும் எவ்வாறோ பொருள் திரட்டி அவற்றை வாங்கினார். வாங்கியதோடு நில்லாமல் நிலையான வேலையையும் விட்டு விலகினார். சலனப்படம் ஓராண்டு நிற்குமோ, ஈராண்டு நிற்குமோ என்று எவரும் உறுதி கூற இயலாத காலம் அது. பலர் அதனை நாலு நாள் வேடிக்கை என்றே கருதினர்.

அவர் வாங்கிய சுருள்களுள் இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படமும் ஒன்று. கூடாரம் அமைத்து, திரை கட்டி, கையால் கருவியைச் சுழற்றிப் படம் காட்டினார். திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய பயணம் தென்னாட்டோடு முடியவில்லை. வடக்கே லாகூர், பெஷாவர் முதலிய நகரங்கள் வரை அவர் தம் கருவியோடு சென்றார். பேச்சில்லாப் படம் ஆதலால் மொழி ஒரு தடையாக நிற்கவில்லை.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். பிரெஞ்சு நாட்டுச் சுருளையும் அமெரிக்க நாட்டுச் சுருளையும் ஒரே கருவியில் ஓட்ட முடிந்தது எவ்வாறு? அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிக்சன் என்பவர், 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், 70 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளை நெடுக இரண்டாகப் பிளந்து 35 மில்லிமீட்டர் சுருளை ஆக்கினார். ஓரங்களில் துளைகள் இட்டார். ஒரு படத்திற்கு நான்கு துளை என்று வகுத்தார். அவ்வகையில் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் அகலமும் 18 மில்லிமீட்டர் உயரமும் பெற்றது. அகலம் நான்கு பங்கு எனின் உயரம் மூன்று பங்கு. பிற நாட்டாரும் இவ்வளவையே பின்பற்றினர். 1909-இல் பாரிசில் கூடிய பட முதலாளிகளின் மாநாடு இதனைப் பொது அளவாக ஏற்றது. ஊருக்கோர் அளவு இருந்திருப்பின், ஒரே கருவியை நம்பி நாடு சுற்றிய வின்சென்டின் முயற்சி முதல் ஊரிலேயே நின்றிருக்கும்.

பயணத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு அவர் கருவிகளை வரவழைத்துப் பிறருக்கு விற்கவும் தொடங்கினார். 1914-ஆம் ஆண்டில் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கைக் கட்டினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய திரையரங்குகளுள் அது ஒன்று. பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது 1932-இல்தான். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே அரங்கு எழுந்தமையின், மின்னாற்றலைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியவரானார். படம் ஓடாத பொழுதில் அவ்வாற்றல் வீணாவானேன் என்று எண்ணினார் போலும். அச்சகமும் அரிசி ஆலையும் அமைத்தார். கொங்கு நாட்டார்க்கே உரிய சிக்கனம் அது.

1931-இல் தமிழ்த்திரை பேசத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் வின்சென்ட், கல்கத்தாவில் இருந்த பயனியர் பிலிம் நிறுவனத்தோடு சேர்ந்து, ‘வள்ளி திருமணம்’ என்னும் படத்தை வெளியிட்டார். டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்தார். படம் பெருவெற்றி பெற்றது. படம் காட்டுவோராக இருந்தவர் படம் எடுப்போராக உயர்ந்தார்.

ஒலி வந்தபோது படத்தின் வடிவுக்கும் ஒரு சோதனை நேர்ந்தது. ஒலியைப் பதிக்கச் சுருளின் ஓரத்தில் ஒரு வரி இடம் வேண்டியிருந்தது. அவ்விடம் படத்தின் அகலத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே படம் சதுரம்போல் ஆயிற்று. காண அழகாக இல்லை. 1932-இல் ஹாலிவுட்டின் திரைக்கலைக் கழகத்தார் உயரத்தையும் சற்றுக் குறைத்து, 11-க்கு 8 என்னும் அளவை வகுத்தனர். பழைய நான்குக்கு மூன்றுக்கு மிக அணுக்கமான அளவே அது.

வின்சென்ட் 1942-இல் மறைந்தார். அகன்ற திரையை அவர் கண்டதில்லை. மேனாட்டில் தொலைக்காட்சி வீடுகளுள் புகுந்தபோது, பழைய திரையின் நான்குக்கு மூன்று என்னும் அளவையே தனதாக்கிக்கொண்டது. வீட்டிலிருந்தே படம் காணும் மக்களை மீண்டும் அரங்குக்கு ஈர்க்க எண்ணிய படத்தொழிலார், 1953-இல் சினிமாஸ்கோப் என்னும் அகன்ற படத்தைக் கொண்டுவந்தனர். தமிழில் அது ‘ராஜராஜ சோழன்’ வாயிலாக 1973-இல் வந்தது. ஈராண்டு கழித்துச் சென்னைக்கு வந்த தொலைக்காட்சியோ பழைய வடிவினதே. பின்னாளில் பொறியாளர்கள் இரண்டுக்கும் நடுவான ஓர் அளவைத் தேடி, 16-க்கு 9 என முடிவு செய்தனர். இன்றைய பெட்டிகள் அவ்வளவின.

ஒரு சிறு கணக்குப் போட்டால் பல்லடத்து வீட்டாரின் ஐயம் தீரும். நான்குக்கு மூன்று என்பதும் பன்னிரண்டுக்கு ஒன்பது என்பதும் ஒன்றே. உயரம் ஒன்பது பங்காக நிறையும்போது, பழைய படத்தின் அகலம் பன்னிரண்டு பங்கே. பெட்டியின் அகலமோ பதினாறு பங்கு. எஞ்சிய நான்கில் பக்கத்துக்கு இரண்டாகக் கறுப்புப் பட்டை விழுகிறது. சிலர் பொத்தானை அழுத்திப் படத்தை இழுத்து நிரப்புவர். அப்போது மெலிந்த வள்ளியும் பருத்துவிடுவாள். தேர்ச்சக்கரம் முட்டை வடிவாகும். சிலர் படத்தைப் பெருக்கி நிரப்புவர். அப்போது மேலும் கீழுமாகக் காற்பங்கு படம் வெட்டுண்டு போகும். ஆடுபவரின் முகம் தெரிந்தால் பாதம் தெரியாது. தமிழ்நாட்டில் பாதம் தெரியாத ஆட்டத்தை ஆட்டம் என்று எவர் ஒப்புவர்? தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவை சுருளோடு அழிந்து போயின. எஞ்சியவற்றையேனும் முழு வடிவில் காணலாம் என்று பட்டைகளைப் பொறுத்துக்கொள்வோர், நடுவில் நிற்கும் அந்தப் படத்தில், கோவைக் கூடாரத் திரையில் ஒளிர்ந்த அதே கட்டத்தைக் காண்கின்றனர்.

வெரைட்டி ஹால் பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறிற்று. அது நின்ற தெருவுக்கு மட்டும் வெரைட்டி ஹால் சாலை என்னும் பெயர் இன்றும் வழங்கி வருகிறது.