குன்று கட்டிப் பறந்தவர்

மாலையில் மொட்டை மாடிக்குப் போனால், சிறகை அடிக்காமலேயே பருந்து வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது எப்படி என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் ஓட்டோ லிலியென்தால்.

இன்றைய ஜெர்மனியில் உள்ள அங்க்லாம் ஊரில் 1848-ல் பிறந்தார். ஊரைச் சுற்றிப் பறந்த நாரைகளைப் பார்த்து, தம்பி குஸ்டாவுடன் பள்ளி வயதிலேயே கைகளில் மரச்சிறகு கட்டிக்கொண்டு ஓடினார். யாரும் கேலி செய்யக் கூடாதே என்று இரவில்தான் சோதனை!

இளைஞர்களானதும் காலால் மிதித்தால் சிறகடிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார்கள். அதைக் கயிற்றில் தொங்கவிட்டு, கப்பி வழியாக மறுமுனையில் எடை கட்டி மிதித்துப் பார்த்தார்கள். முழு பலத்தைக் கொடுத்தும் பாதி எடையைத்தான் சிறகால் தூக்க முடிந்தது. மனிதக் கால்களின் சக்தி அவ்வளவுதான் என்று கணக்கு சொன்னது.

ஓட்டோ சோர்ந்துவிடவில்லை. பலவகைச் சிறகுகளைச் சுழற்றி, காற்று எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார். தட்டையான சிறகைவிட லேசாக வளைந்த சிறகே அதிகம் தூக்கும் என்று கண்டு, 1889-ல் புத்தகமாக வெளியிட்டார். பிழைப்புக்கு பெர்லினில் கொதிகலன் தொழிற்சாலை நடத்தினார். லாபத்தில் தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்தார்.

1891-ல் முதன்முதலாகக் காற்றில் மிதந்தார். 1894-ல் பறப்பதற்கென்றே சுமார் 15 மீட்டர் உயரக் குன்று ஒன்றை எழுப்பினார். வில்லோ மரக் கம்பும் பருத்தித் துணியும் சேர்ந்த சுமார் 20 கிலோ சிறகு; கைகளை ஊன்றித் தொங்கியபடி, கால்களை ஆட்டித்தான் திசை திருப்ப வேண்டும். ஏறக்குறைய 2,000 முறை பறந்தார். அதிகபட்சம் 250 மீட்டர் தூரம்.

கால்களை ஆட்டி எல்லாக் காற்றையும் சமாளிக்க முடியாது. 1896 ஆகஸ்ட் 9 அன்று சிறகு நிலைகுலைந்து விழுந்ததில் முதுகெலும்பு முறிந்தது. மறுநாள் இறந்தார். வயது 48. மனைவியும் நான்கு பிள்ளைகளும் தனித்து நின்றார்கள்.

அந்தச் செய்தி அமெரிக்காவில் ரைட் சகோதரர்களை உலுக்கியது. அவருடைய அளவீடுகளிலிருந்து தொடங்கி, அவர் விட்டுச்சென்ற கட்டுப்பாட்டுச் சிக்கலைத் தீர்த்து, 1903-ல் என்ஜின் வைத்துப் பறந்தார்கள். கால் மிதி சக்தியிலேயே ஒரு மைலுக்கு மேல் பறந்து, 'எட்டு' போட்டுக் காட்டியது 1977-ல், காஸமர் காண்டர் விமானம். அதன் எடை 32 கிலோதான். சிறகு நீளமோ 29 மீட்டர்!

பெர்லினில் பிள்ளைகள் இருந்தால், அடுத்த முறை போகும்போது லிக்டர்ஃபெல்டே பகுதியில் உள்ள அந்தக் குன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். இன்று அது பூங்கா. படியேறி உச்சியில் நிற்கலாம்.